கொடுத்துக் கெடுக்கக் கூடாத செடி

தெற்கு ஐரோப்பாவில் தொடங்கிக் காஸ்பியன் கடலோரம் வரை, சுண்ணாம்புப் பாறை உடைந்து சரிந்த மேடுகளிலும் சரளைச் சரிவுகளிலும் முழங்கால் உயரத்தில் ஒரு குறுஞ்செடி தானாக வளர்ந்து கிடக்கிறது. கோடையில் வாரக்கணக்கில் மழை இருக்காது. மண்ணில் மக்கு அதிகம் இருக்காது. வெயிலை மறைக்க மரமும் இருக்காது. அங்கே அது ஆண்டுக்கணக்கில் நன்றாக இருக்கிறது, கோடை முழுவதும் அடர்நீலக் கதிர்களாகப் பூக்கிறது. அதே செடியை வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, மண்ணைக் கொத்தித் தொழுவுரம் இட்டு, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினால் முதல் ஆண்டு மளமளவென்று வளரும். பிறகு கிளைகள் சாயும், நடுப்பகுதி வெறுமையாகும், ஏதோ ஓர் ஈரமான பருவத்தில் அடித்தண்டு கறுத்துப் பட்டுப்போகும். ஹிஸ்ஸோபஸ் அஃபிசினாலிஸ் என்று தாவரவியலார் குறிக்கும் ஈசோப்பைப் பற்றித்தான் சொல்கிறேன். தோட்டத்தில் இது சாகும்போது காரணம் தாகமாகவோ பட்டினியாகவோ இருப்பது அரிது. மிஞ்சிய நீரும் மிஞ்சிய எருவும்தான் பெரும்பாலும் கொல்கின்றன. ஆகவே ஈசோப்பைப் பேணுவது என்றால், அதன் பிறந்த இடத்தில் இல்லாதவற்றை நம் தோட்டத்திலும் இல்லாமல் பார்த்துக்கொள்வது என்பதே என் வாதம். இதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. எளிதில் தள்ளிவிட முடியாத மறுப்புகளும் இருக்கின்றன.

செடியின் உடலே முதல் சாட்சி. துளசியும் புதினாவும் கற்பூரவல்லியும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது இது. ஆனால் புதினாவின் அகன்ற மெல்லிய இலை இதற்கு இல்லை. இலைகள் எதிரெதிராக, குறுகலாக, பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும். இலைப் பரப்பு சிறுத்தால் வெயிலில் சூடேறுவதும் நீர் ஆவியாவதும் குறையும். அடித்தண்டு மரத்தன்மை கொண்டது. ஆண்டுகள் செல்லச் செல்லச் சாம்பல் கலந்த பழுப்புப் பட்டை கட்டும். இலையைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸில் பார்த்தால், சிறு பள்ளங்களில் பளபளக்கும் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுரப்பி: அடியில் சில சுரப்புச் செல்கள், அவற்றின்மேல் மெல்லிய புறத்தோல் உறை, இரண்டுக்கும் நடுவே தேங்கிய எண்ணெய். விரலால் கசக்கும்போது இந்த உறைதான் உடைகிறது. கற்பூரமும் புதினாவும் கலந்ததுபோன்ற காரமான மணம் எழுகிறது. அந்த எண்ணெயைச் செடி உறைக்குள் பூட்டி வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. கடித்துத் தின்ன வரும் பூச்சியையும் ஆட்டையும் விரட்டுகிற அந்தப் பொருள், செடியின் சொந்தச் செல்களுக்குள் பரவினால் அவற்றுக்கும் தீங்குதான். இலையை இழந்தால் மறு இலை விடுவதற்கு வசதியில்லாத ஏழை மண்ணில், இருக்கிற இலையைக் காப்பது செடிக்கு லாபம். மணமும் சிற்றிலையும் மரத்தண்டும் அந்த மண்ணுக்கு ஏற்பச் சேர்ந்தே உருவான குணங்கள்.

அடுத்த சாட்சி வேர். தண்ணீர் அதிகமானால் வேர் அழுகும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் அழுகுகிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு நீர் அதிகம் என்பது பிடிபடும். வேரும் மூச்சு விடுகிறது. சத்துகளை உள்ளிழுக்கச் செலவாகும் ஆற்றலை அது ஆக்சிஜனைக் கொண்டுதான் பெறுகிறது. மண் துகள்களுக்கு இடையிலுள்ள துளைகளில் காற்று இருக்கும்வரை சிக்கல் இல்லை. அந்தத் துளைகளை நீர் நிரப்பிவிட்டால், ஆக்சிஜன் அந்நீர் வழியாகப் பரவித்தான் வேரை அடைய வேண்டும். காற்றில் பரவுவதைவிட நீரில் அது ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. நெல்லுக்கும் நீர்த்தாவரங்களுக்கும் தண்டிலிருந்து வேருக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் உட்குழாய்த் திசு உண்டு. வறண்ட சரிவுகளில் வளர்ந்த ஈசோப்புக்கு அத்தகைய ஏற்பாடு தேவைப்பட்டதில்லை. மூச்சுத் திணறிய வேர்நுனி முதலில் சாகிறது. பித்தியம், ஃபைட்டாப்தோரா போன்ற அழுகல் நுண்ணுயிரிகள் நீரில் நீந்தும் வித்துகளால் பரவுகிறவை. நீர் நிறைந்த மண் அவற்றுக்கு வழியும் ஆகிறது, தளர்ந்த வேர் அவற்றுக்கு இரையும் ஆகிறது. இதில் ஒரு கொடுமை உண்டு. வேரிழந்த செடியால் நீரை உறிஞ்ச முடியாததால் இலைகள் வாடித் தொங்குகின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு அது தாகமாகவே தெரிகிறது. அவர் இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறார். வாடிய ஈசோப்பைப் பார்த்ததும் கை குவளைக்குப் போகாமல் மண்ணுக்குப் போக வேண்டும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருந்தும் செடி வாடியிருந்தால் அதற்குத் தண்ணீரே ஊற்றக் கூடாது.

ஆகவே இடம் தேர்வதில்தான் பாதிப் பராமரிப்பு அடங்கியிருக்கிறது. நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் விழ வேண்டும். நீர் வடிகிறதா என்று அறிய, ஓர் அடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்பி வடிய விட்டு, மறுபடியும் நிரப்பிப் பார்த்தால் போதும். இரண்டாம் முறை ஊற்றியது சில மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றால் அது ஈசோப்புக்கு ஆகாத இடம். களிமண் நிலத்தில் குழி மட்டும் தோண்டி அதில் மணல் நிரப்பி நடுவது பயன் தராது. சுற்றியுள்ள களிமண்ணின் நீரெல்லாம் அந்தக் குழிக்குள் இறங்கித் தொட்டியாகத் தேங்கும். தரை மட்டத்துக்கு மேலே ஒரு முழம் மேடு கட்டி, மண்ணில் மூன்றில் ஒரு பங்கு சிறு சரளையோ பருமணலோ கலப்பது நல்ல வழி. மண் நடுநிலையிலோ சற்றுக் காரமாகவோ இருப்பது இதற்குப் பிடிக்கும். அமில மண்ணில் சுண்ணாம்பு சேர்த்தால் புளிப்பு குறைவதோடு இன்னொரு நன்மையும் உண்டு: சுண்ணாம்பிலுள்ள கால்சியம் நுண்ணிய களித் துகள்களைத் திரளாக ஒட்டவைப்பதால் இடைவெளிகள் பெரிதாகி நீர் வடிவது எளிதாகிறது. தொட்டியில் வளர்ப்போர் அடியில் ஓட்டுச் சில்லும் கல்லும் போட்டால் வடிகால் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. நுண்துளை மண்ணிலுள்ள நீர், கீழே பெருந்துளைக் கல்லடுக்கைக் கண்டதும் எளிதில் அதற்குள் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி முழுதும் நனைந்த பின்னரே சொட்டும். கல் போட்டதால் அந்த நனைந்த அடுக்கு வேருக்கு இன்னும் பக்கத்தில் ஏறிவிடுகிறது. சரளையை அடியில் கொட்டாமல் மண் முழுவதிலும் கலக்க வேண்டும். சரளை மிஞ்சினால் செடியைச் சுற்றி மேல்மண்ணில் பரப்பலாம், அடித்தண்டு உலர்ந்திருக்கும். வைக்கோலோ மக்கிய இலையோ போட்டு ஈரம் காக்கும் மூடாக்கு இந்தச் செடியின் கழுத்தைத் தொடவே கூடாது.

இனி எரு. இங்கேதான் வாதம் நுட்பமாகிறது. ஈசோப்பின் எண்ணெயில் முதன்மையாக இருப்பவை பைனோகாம்ஃபோன், ஐசோபைனோகாம்ஃபோன், பீட்டா பைனீன் போன்ற மோனோடெர்பீன் வகைச் சேர்மங்கள். பைனோகாம்ஃபோன் மூலக்கூறு ஒன்றில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. தழைச்சத்தான நைட்ரஜன் ஓர் அணுகூட இல்லை. அதாவது இந்த மணத்தை ஆக்கும் மூலப்பொருள் முழுவதும் காற்றிலும் நீரிலும் இருந்து வருகிறது. ஆய்வாளர் ஜான் பிரையன்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1983இல் இந்த வழியில் ஒரு பொதுக் கருதுகோளையே முன்வைத்தார்கள். தழைச்சத்து குறைந்தால் புதிய தண்டும் இலையும் உருவாவது முதலில் தடைபடுகிறது. ஒளிச்சேர்க்கை அந்த அளவுக்குக் குறைவதில்லை. வளர்ச்சியில் செலவாகாமல் மிஞ்சும் கார்பன், டெர்பீன்களாகவும் பீனால்களாகவும் மாறித் தற்காப்புக்குப் போகிறது என்றார்கள். ஹெர்ம்ஸ், மேட்சன் ஆகியோர் 1992இல், வளர்வதா தற்காத்துக்கொள்வதா என்பது ஒவ்வொரு செடியும் எதிர்கொள்ளும் இக்கட்டு என்று விரிவாக எழுதினார்கள். இந்தப் பார்வையில், எரு மிகுந்த பாத்தியில் தளதளவென்று வளரும் ஈசோப்பு மணத்தை விலையாகக் கொடுத்தே அந்தப் பசுமையைப் பெறுகிறது.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அறிவியல் அத்தோடு நின்றுவிடவில்லை. 1998இல் யூலியா கொரிச்சேவாவும் மற்றவர்களும் மரத்தாவரங்களில் நடந்த பல சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோது, பீனால்கள் இந்தக் கருதுகோள் சொன்னபடி பெருமளவு நடந்துகொண்டன, டெர்பீன்கள் நடந்துகொள்ளவில்லை. 2001இல் அக்கருதுகோளின் எழுச்சியும் வீழ்ச்சியும் என்றே ஒரு மறுஆய்வு வெளியாயிற்று. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. டெர்பீனில் நைட்ரஜன் இல்லாவிட்டாலும், அதை ஆக்கும் நொதிகள் புரதங்கள். புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். எண்ணெயைத் தேக்கும் சுரப்பிகளைக் கட்டவும் வேண்டும். முற்றிலும் பட்டினி போட்டால் எண்ணெயும் குறையலாம். ஆகவே எருவை நிறுத்தினால் மணம் இரட்டிப்பாகும் என்று யாராவது வாக்களித்தால் நம்ப வேண்டியதில்லை. என் வாதம் அந்த வாக்குறுதியின் மேல் நிற்கவில்லை. இலையின் எண்ணெய் விழுக்காடு கூடாமலே இருக்கட்டும். தழைச்சத்து மிஞ்சிய செடியில் கணுவிடை நீள்கிறது, தண்டு நீர்ச்சத்தேறி மெலிகிறது, மழையடித்தால் செடி நடுவில் பிளந்து சாய்கிறது, உள்ளே வெளிச்சம் போகாததால் அடியிலைகள் உதிர்கின்றன. பச்சையாகப் பறிக்கும் இலையில் நீர் மிகுந்தால், ஒரு பிடி இலையில் கிடைக்கும் மணமும் அந்த அளவுக்கு நீர்த்துத்தான் இருக்கும். இவை எதற்கும் கருதுகோள் தேவையில்லை.

இன்னொரு மறுப்பு வயலிலிருந்து வருகிறது. மூலிகைகளுக்கு நீரும் தழைச்சத்தும் அளவோடு கொடுத்தால் எக்டருக்குக் கிடைக்கும் எண்ணெய் கூடுவதை வேளாண் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அது உண்மைதான். எக்டர் கணக்கில் இலை எடை கூடும்போது, விழுக்காடு சற்றுக் குறைந்தாலும் மொத்த எண்ணெய் கூடத்தான் செய்யும். வடித்து விற்கும் உழவர் அந்தக் கணக்கைப் பார்ப்பது நியாயம். அவர் செடியை ஆண்டுக்கு இரண்டு முறை மொட்டையாக அறுத்து எடுக்கிறார். அறுவடையோடு வெளியேறும் சத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டியிருக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வேண்டியது சில கொத்து இலை, கோடை முழுவதும் பூ, நான்கைந்து ஆண்டு ஆயுள். வெளியே போவது கொஞ்சம். திருப்பிக் கொடுக்க வேண்டியதும் கொஞ்சம். வசந்தத்தில் ஒரு கைப்பிடி மக்கிய உரம் தரையில் வளரும் செடிக்கு ஓராண்டுக்குப் போதும். நடுத்தர மண்ணில் அதுகூட வேண்டாம்.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு இரண்டு விதிவிலக்குகளை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்று, குழந்தைப் பருவம். மலைச்சரிவில் ஆயிரக்கணக்கில் விழும் விதைகளில் பெரும்பாலானவை முளைத்ததுமே காய்ந்து போகின்றன. பிழைத்த ஒன்றிரண்டைப் பார்த்துத்தான் ஈசோப்பு வறட்சியைத் தாங்கும் என்கிறோம். நம் தட்டில் இருபது விதைதான் இருக்கும், அத்தனை சேதத்துக்கு நமக்கு இடமில்லை. வசந்தத்தில் விதையை நடுவிரல் நகத்தின் பாதி ஆழத்துக்கு மேல் புதைக்காமல் விதைத்து, மண்ணை நசநசவென்று ஆக்காமல் ஈரமாக வைத்திருந்தால், இரண்டு மூன்று வாரங்களில் முளைக்கும். நாற்று ஒரு சாண் உயரம் வந்ததும் 30 முதல் 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நடலாம். முதல் கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாக நீர் விட வேண்டும். நாள்தோறும் மேலாகத் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிப் பிற்பாடு வறட்சியைத் தாங்காது. ஆழ நனைத்து நன்றாகக் காயவிட்டால், கீழே இறங்கும் ஈரத்தைத் தேடி வேரும் இறங்கும். இரண்டாம் ஆண்டிலிருந்து, நீண்ட வறட்சி தவிர மற்ற நாட்களில் மழையே போதும். இரண்டாவது விதிவிலக்கு தொட்டி. தொட்டி மண் ஒரு சிறு பை. அதற்குக் கீழே இறங்கிப் போக வேருக்கு வழியில்லை, ஊற்றும் நீரோடு சத்தும் வடிதுளை வழியே போய்விடும். தொட்டிச் செடிக்கு வசந்தத்தில் ஒருமுறையும் பூத்தபின் ஒருமுறையும் பாதி அளவு உரம் கொடுப்பதிலும், மேல்மண் காய்ந்த பிறகு நீர் விடுவதிலும் தவறில்லை. தொட்டி கொஞ்சம் ஏழையாகவே இருக்கட்டும்; ஆனால் வெறுங்கல்லாகிவிடக் கூடாது.

எதுவும் கொடுக்காமலே வளர்ப்பது நல்லதென்றால் கவாத்து எதற்கு, அதுவும் மனிதர் தலையீடுதானே என்று கேட்கலாம். காட்டில் மணத்தையும் மீறி மேயும் ஆடும் கடுங்குளிரும் செய்யும் வேலையை நம் தோட்டத்தில் கத்தரிக்கோல் செய்ய வேண்டியிருக்கிறது என்பதே பதில். கிளை நுனியிலுள்ள மொட்டு, கீழ்க் கணுக்களின் மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியை வெட்டினால் அடங்கியிருந்தவை கிளம்பும். செடி அடர்ந்து குட்டையாகும். ஆனால் இதற்கு எல்லை உண்டு. ஈசோப்புக் கிளை ஒன்றை நுனியிலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தால் பச்சைத் தண்டு, பிறகு பழுப்பேறியும் இலை தாங்கும் தண்டு, அதற்கும் கீழே பட்டை உரிந்த மொட்டைக் கட்டை என்று மூன்று நிலைகள் தெரியும். கடைசிப் பகுதியில் உயிருள்ள மொட்டுகள் அநேகமாக எஞ்சியிருக்காது. அங்கே வெட்டினால் அந்தக் கிளை துளிர்ப்பது சந்தேகம். பச்சை இலை தெரியும் கடைசிக் கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். பூத்து முடிந்ததும் கதிர்களோடு சேர்த்து மூன்றில் ஒரு பங்கைக் குறைப்பதும், கடுங்குளிர்ப் பகுதிகளில் பெரிய கவாத்தை வசந்தத்துக்குத் தள்ளிவைப்பதும் ஐரோப்பியத் தோட்டக்காரர்களின் வழக்கம். ஆண்டுதோறும் கத்தரிப்பதை இது எவ்வளவு நன்றாக ஏற்கும் என்பதற்குப் பழைய சான்று இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், மாளிகைத் தோட்டங்களின் தரையில் கோலம்போல் இழையிழையாகப் பின்னி வளர்த்த குறுவேலிகளுக்குப் பயன்பட்ட செடிகளில் ஈசோப்பும் ஒன்று.

குளிரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். மைனஸ் 20 பாகையையும் தாங்கும் இந்தச் செடி, லண்டனின் மென்மையான குளிர்காலத்தில் செத்துப்போவது முரணாகத் தோன்றும். பனி மூடிய உலர் குளிர் வேறு. நாலைந்து மாதம் நீர் வடியாத சேற்றில் நிற்பது வேறு. இதில் எருவும் சேர்ந்துகொள்கிறது. கோடைக் கடைசியில் தழைச்சத்து கிடைத்தால் செடி இளந்தளிர் விடும். செல்சுவர் முற்றாத, நீர் மிகுந்த அந்தத் தளிரில்தான் முதல் உறைபனி பிளவை உண்டாக்கும். ஆகஸ்டுக்குப் பிறகு உரமும் கூடாது, கடும் கவாத்தும் கூடாது. டொரண்டோவிலும் லண்டனிலும் கொல்லையில் காய்கறி போடும் நம்மவர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது. அவர்கள் ஊரில் ஈசோப்பு தரையிலேயே பல ஆண்டு நிற்கும், வடிகால் இருந்தால்.

காய்கறித் தோட்டத்தைப் பற்றிய இன்னொரு நம்பிக்கையும் இந்த வாதத்தோடு மோதுகிறது. முட்டைக்கோஸ் பக்கத்தில் ஈசோப்பு நட்டால் வெள்ளைப் பட்டாம்பூச்சி வராது, திராட்சைப் பக்கத்தில் நட்டால் காய்ப்பு கூடும் என்று தோட்டக்கலை நூல்கள் பல திருப்பித் திருப்பி எழுதுகின்றன. இங்கிலாந்தில் வெல்ஸ்போர்ன் ஆய்வு நிலையத்தில் ஃபின்ச், கோலியர் முதலியோர் மணச்செடிகளையும் மணமில்லாச் செடிகளையும் கோஸ் வேர் ஈ, வெங்காய ஈ ஆகியவற்றுக்கு எதிராக நட்டுப் பார்த்தார்கள். 2003இல் வெளியான அவர்கள் முடிவு தெளிவானது: மணம் கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை. பூச்சி பச்சையாகத் தெரியும் எதன்மேலும் இறங்குகிறது. தவறான இலையில் இறங்க இறங்க முட்டையிடும் வாய்ப்பு குறைகிறது. பயிருக்கு நடுவே பசுமையான எந்தச் செடி இருந்தாலும் ஓரளவு அந்தப் பலன் கிடைக்கும். ஈசோப்புக்கென்று தனி ஆற்றல் இருப்பதற்குத் திடமான சான்று இல்லை. மாறாக, கோஸ் பாத்தி என்பது ஆண்டுதோறும் எரு இட்டு நாள்தோறும் நனைக்கும் இடம். பூச்சியை விரட்டும் என்று நம்பி ஈசோப்பை அங்கே நடுவது அதைக் கொல்வதற்கு உறுதியான வழி. வரப்போரத்திலோ, கல் பாவிய நடைபாதை விளிம்பிலோ, தெற்கு நோக்கிய சுவரை ஒட்டியோ வைப்பது அதற்கும் நல்லது, பாத்திக்கும் நல்லது. அங்கிருந்தே அது தோட்டத்துக்குச் செய்யக்கூடிய உண்மையான உதவி ஒன்று உண்டு. கதிரின் ஒரு பக்கமாகவே திரும்பி வரிசையாகப் பூக்கும் நீலப் பூக்களுக்குத் தேனீக்களும் வண்டுத்தேனீக்களும் நாள் முழுவதும் வந்துகொண்டிருக்கும். மகரந்தத் தாள்கள் இதழ்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், தேன் குடிக்கத் தலையை நுழைக்கும் தேனீயின் உடம்பில் மகரந்தம் ஒட்டுகிறது. அந்தத் தேனீக்கள் பக்கத்துப் பூசணிக்கும் பீன்ஸுக்கும் போகும்.

பறிப்பதிலும் அதே அடக்கம் வேண்டும். மொட்டுகள் விரியத் தொடங்கும் வேளையில்தான் எண்ணெய் உச்சத்தில் இருக்கிறது. அப்போது எல்லாக் கதிரையும் வெட்டினால் தேனீக்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. பாதிச் செடியை அறுத்துப் பாதியைப் பூக்க விடுவது நல்ல சமரசம். பனி உலர்ந்த காலையில் வெட்டி, சிறு கட்டுகளாக நிழலில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். வெயிலில் காயவைத்தால் நாம் ஆண்டு முழுக்கக் காத்த எண்ணெய் ஒரு பிற்பகலில் ஆவியாகிவிடும். இலையை அவரை, பயறு வகைச் சூப்புகளிலும் இறைச்சியிலும் மிகக் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். கசப்பும் கற்பூரக் காரமும் உள்ளது. பிரெஞ்சுத் துறவிகளின் ஷார்த்ரூஸ் மதுவில் இது சேர்வதாகச் சொல்வார்கள். பச்சை அப்சிந்த் மதுவின் நிறத்தில் இதன் இலைப் பச்சையமும் உண்டு. இலை வேறு, வடித்த எண்ணெய் வேறு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பைனோகாம்ஃபோன் மூளையில் நரம்புகளை அமைதிப்படுத்தும் சமிக்ஞையைத் தடுத்து வலிப்பை உண்டாக்கக் கூடியது. ஈசோப்பு, சேஜ், தூயா போன்றவற்றின் எண்ணெய்களால் வலிப்பு வந்தவர்களைப் பற்றி 1999இல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். வலிப்பு நோயுள்ளவர்கள், கருவுற்றவர்கள், குழந்தைகள் இந்த எண்ணெயின் பக்கமே போகக் கூடாது. கருவுற்றவர்கள் இலைக் கஷாயத்தையும் தவிர்க்க வேண்டும். இயற்கையானது, ஆகவே தீங்கற்றது என்ற பேச்சுக்கு இந்தச் செடியே நேரடி மறுப்பு.

தமிழ் வாசகர்களுக்கு ஈசோப்பு என்ற பெயர் விவிலியத்தின் வழியே பழக்கமானது. ஆனால் அங்கே வருவது இந்தச் செடியாக இருக்க முடியாது. ஹிஸ்ஸோபஸ் அஃபிசினாலிஸ் விவிலியம் பேசும் நாட்டில் இயல்பாக வளர்வதில்லை. சிரியா ஓரிகானோ எனப்படும் வேறொரு செடியே அது என்று இஸ்ரேலியத் தாவரவியலர் மிக்கேல் ஸொஹாரி முதலியோர் கருதினார்கள்; கெரிசிம் மலையில் சமாரியர் இன்றும் பஸ்காச் சடங்கில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தோட்டக்காரருக்கு இன்னொரு குழப்பம் இதைவிட ஆபத்தானது. நம் வயலோரங்களில் வளரும் நீர்ப்பிரம்மியையும் ஆங்கிலத்தில் நீர் ஈசோப்பு என்றே விற்கிறார்கள். அது சேற்றில் படர்வது, இது சேற்றில் சாவது. விதைப் பொட்டலத்திலும் இணைய விற்பனையிலும் தாவரவியல் பெயரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதை வளர்க்கலாமா என்ற கேள்விக்கு இதுவரை சொன்ன காரணங்களே வழிகாட்டும். சமவெளியில் ஏப்ரல், மே வெயிலைவிட அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் கிடக்கும் மண்தான் பெரிய எதிரி. அழுகல் நுண்ணுயிரிகளுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிர் பொருந்தும், ஆனால் மண் அமிலம், இரண்டு பருவமழையும் பெய்யும். அங்கே முயல விரும்புகிறவர்கள் தரையை விட்டுவிட்டு, சரளையும் சுண்ணாம்பும் கலந்த மண் தொட்டியில், மழை படாத ஆனால் வெயில் படும் தாழ்வார விளிம்பில் வைப்பதே சரி. சமவெளித் தொட்டியில் அதை ஆண்டுச் செடியாக எண்ணி, மழைக்கு முன்பே இலையை அறுத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்த எதிர்பார்ப்பு.

எவ்வளவு நன்றாகப் பேணினாலும் நான்கைந்து ஆண்டில் அடி முழுவதும் கட்டையாகிவிடும். அதற்கு முந்தைய கோடையிலேயே மாற்றுச் செடிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். பூக்காத இளங்கிளை நுனிகளைச் சுண்டுவிரல் நீளத்துக்குக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடியிலைகளை உருவிவிட்டு, பருமணல் கலந்த எருவில்லா மண்ணில் பாதி ஆழம் செருகி, நிழலில் வைத்தால் ஒரு மாதத்துக்குள் பெரும்பாலும் வேர் பிடிக்கும். இந்தக் கட்டத்தில் மட்டும் காற்றில் ஈரம் இருக்கும்படி மூடி போட்டு வைக்க வேண்டும். வேரில்லாத குச்சிக்கு வறட்சியைத் தாங்கும் வலிமை இன்னும் வரவில்லை. இரண்டு மூன்று இணை புதிய இலை விட்டதும் மூடியை எடுத்து வெயிலுக்குப் பழக்கலாம். வரும் வசந்தத்தில் நடும்போது பழைய குழியைத் தவிர்த்து, சில அடி தள்ளிப் புதிய மேட்டில் நட்டால், முந்தைய செடியின் வேரோடு தங்கிய அழுகல் நோய் இதற்குத் தொற்றும் வாய்ப்பு குறையும்.